டெக்ஸ்இன்ஃபோ கையேட்டில் ‘வார்’ கட்டளையைத் தமிழுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

அனைவருக்கும் வணக்கம். கட்டளை வரியில் இயங்கும் ஒரு சிறிய நிரலுக்கான கையேட்டைக் குனூ டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு சொல் எப்படித் தோன்ற வேண்டும் என்று கூறாமல், அது கோப்புப் பெயரா, விசையா, பயனர் தட்டச்சு செய்ய வேண்டியதா என்று பொருளைக் குறிக்கும் ‘ஃபைல்’, ‘கீ’, ‘கேபிடி’ போன்ற கட்டளைகள் இதில் இருப்பதால், ஒரே மூலக் கோப்பிலிருந்து இன்ஃபோ (முனையத்தில் படிக்கும் வெற்று உரை வடிவம்), ஹெச்டிஎம்எல், பிடிஎஃப் ஆகிய மூன்றையும் பெற முடிகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இடர்ப்பாடு ‘வார்’ (@var) கட்டளையில்தான் உள்ளது. பயனர் தம் விவரத்தை இட்டு நிரப்ப வேண்டிய இடத்தைக் குறிக்கும் இக்கட்டளை, ஹெச்டிஎம்எல்லில் அதற்குரிய குறிச்சொல்லாக மாறிப் பெரும்பாலும் சாய்வெழுத்தில் தெரிகிறது. இன்ஃபோ வடிவிலோ உள்ளிருக்கும் சொல்லைப் பெரிய (கேபிடல்) எழுத்துகளாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால், ‘கோப்பின்பெயர்’ என்று நான் குறித்த சொல் எந்த அடையாளமும் இன்றி வாக்கியத்தோடு கலந்துவிடுகிறது. அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும் என்று புதிய பயனர் எண்ணிவிடக்கூடும் என்பதே என் கவலை.

கோண அடைப்புக்குறிகளைக் கையால் இடுவது எளிதுதான்; ஆனால் அது மற்ற இரு வடிவங்களிலும் தேவையின்றித் தோன்றும். ஆகவே இன்ஃபோவுக்கு மட்டும் அடைப்புக்குறி சேர்த்து, மற்றவற்றில் ‘வார்’ கட்டளையையே அழைக்கும் மேக்ரோ (நாமே வரையறுக்கும் கட்டளை) ஒன்றை எழுத எண்ணியுள்ளேன். ஆனால் எந்த வடிவத்துக்கு எது என்று பிரிக்கும் நிபந்தனைக் கட்டளைகளை மேக்ரோவுக்குள் இட்டால் வரி முறிவுகள் பத்தியின் நடுவே சிக்கலாகின்றன. பெரிய எழுத்து இல்லாத மொழியில் டெக்ஸ்இன்ஃபோவைக் கையாண்டவர்கள் இதை எப்படித் தீர்த்தீர்கள் என்று, இயன்றால் மேக்ரோவின் வரிகளோடு, தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.