புதுப்பிப்பு: யார்ட்சைட் பட்டியலில் ஒரு நாள் பிசகியது சரியானது

டொரன்டோவில் நான் அலுவலகப் பணி பார்க்கும் யூதத் தொழுகைக்கூடத்தின் எக்செல் பட்டியலில், யார்ட்சைட் எனப்படும், எபிரேய நாட்காட்டிப்படி இறந்தவருக்கு அனுசரிக்கும் ஆண்டு நினைவு நாள் சிலருக்கு மட்டும் ஒரு நாள் முந்தி வருவது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

நேர மண்டலத்தை மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. "இறந்த நேரத்தை விசாரியுங்கள்" என்ற யோசனையே கைகொடுத்தது. எபிரேய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடுவதால், 1998 மார்ச் 10 இரவு எட்டு மணிக்கு இறந்தவருக்கு நாங்கள் பதிந்திருந்த அதார் (எபிரேய மாதம்) 12 தவறு. அதார் 13 என்பதே சரி. 'அஸ்தமனத்துக்குப் பின்' என்று பட்டியலில் ஒரு நெடுவரிசை சேர்த்து, எபிரேயத் தேதிகளைக் கணக்கிடும் ஹெப்கால் இணையதளத்தில் மீண்டும் கணக்கிட்டதும் தேதிகள் பொருந்தின. நேரம் தெரியாத சில பழைய பதிவுகளை மட்டும் தொடவில்லை.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது. 5787 (2026–27) போன்ற பதின்மூன்று மாத ஆண்டில் அதார் இரண்டு முறை வரும். சாதாரண ஆண்டின் அதாரில் இறந்தவர்களுக்கு அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கம் பெரும்பாலும் முதல் அதாரையும், செபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) வழக்கம் இரண்டாவதையும் கொள்வதால், மென்பொருளின் விடையை அப்படியே ஏற்காமல் மதகுருவான ரபியிடம் கேட்டு, குடும்பவாரியாகக் குறித்துவிட்டோம்.

நினைவுப் பலகையில் பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு விளக்கையும், வீட்டில் 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தியையும் முந்தைய மாலையே ஏற்ற வேண்டும் என்பதால், கடிதங்களில் இப்போது மாலைத் தேதியையும் சேர்த்து அச்சிடுகிறோம்.