கணவன் மனைவி இருவரும் ஒரே துறை: வேலை போனால் எது கைகொடுக்கும்?

வெள்ளவத்தைவாசி:
ஒரு குடும்பக் கணக்கு. இருவருமே ஆடை ஏற்றுமதித் துறை. அவருக்கு மாதம் 185,000 ரூபா (அடிப்படைச் சம்பளம் 110,000, மிச்சம் அலவன்ஸ்), சேவை 7 வருடம். அவவுக்கு 120,000. வாடகை 70,000, கார் லீசிங் 62,000. காப்புறுதி முகவர் ஒருவர் "வருமானப் பாதுகாப்பு" என்று மாதம் 14,000 கட்டும் திட்டம் ஒன்றைக் காட்டுகிறார். ஜெர்மனியிலும் மலேசியாவிலும் வேலை போனவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறார்களே, அப்படி இங்கே ஏதும் உண்டா? இந்தத் திட்டம் அதற்கு ஈடாகுமா?

கணக்குப்பிள்ளை:
வேலையின்மைக் காப்புறுதி இலங்கையில் இல்லை. இருப்பது உங்கள் சொந்தக் காசு, அதுவும் பூட்டுக்குள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைப் பொதுவாக ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில்தான் முழுதாக எடுக்கலாம். இடையில் 30 சதவீதம் எடுக்க வீடு அல்லது வைத்தியச் செலவு காரணமாக வேண்டும். "வேலை போய்விட்டது" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி), அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. முதலாளி கட்டுவது 3 சதவீதம். 185,000 முழுவதற்கும் கட்டியிருந்தால் மாதம் 5,550, அறுபது மாதத்தில் 333,000. பங்குலாபம் சேர்க்காமல் பார்த்தால் இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை.

இதை மலேசியாவோடு வைத்துப் பாருங்கள். 2018இல் தொடங்கிய அவர்களுடைய திட்டத்துக்குத் தொழிலாளி 0.2, முதலாளி 0.2 சதவீதம்தான் கட்டுகிறார்கள். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தின் 80 சதவீதம், அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. ஆறு மாதமும் கிடைப்பவருக்குக் கூட்டினால் 2.7 மாதச் சம்பளம் (கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு). 0.4 சதவீதம் கட்டி இவ்வளவு எப்படி? வேலை போகாதவர்களின் காசு வேலை போனவருக்குப் போகிறது. ஈ.டி.எப். உண்டியல், அது சீட்டுமல்ல வேலையின்மைக் காப்புறுதியுமல்ல. ஆனால் ஒன்று, உண்டியல் காசு வேலை போகாவிட்டாலும் உங்களுடையதே.

ஜெர்மனியில் நிகரச் சம்பளத்தின் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. கடைசி 30 மாதத்தில் 12 மாதம் கட்டியிருக்க வேண்டும்.

தொழில்சட்டம்:
மேலே விடுபட்ட பெரிய துண்டு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலை நீக்கத்தைக் கட்டுப்படுத்துவது, எல்லோரும் "டீவா" என்பது. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் நிறுத்த அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி. ஆணையாளர் பயன்படுத்தும் நட்டஈட்டுச் சூத்திரத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை வருடத்துக்கு 2 மாதம். இவருக்கு 12.5 + 4 = 16.5 மாதம். அடிப்படையில் மட்டும் போட்டாலும் 1,815,000 ரூபா. உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாக்கப்பட்டது.

பணிக்கொடை இதில் சேராது. 5 வருடம் முடிந்தவருக்கு வருடத்துக்கு அரை மாதம், 55,000 × 7 = 385,000. இராஜினாமாச் செய்தாலும் அது உண்டு. அலவன்ஸ் பெருத்து அடிப்படை மெலிந்த சம்பளச் சீட்டு இங்கேதான் கடிக்கும்.

வெள்ளவத்தைவாசி:
எச்.ஆர். கூப்பிட்டு, நான்கு மாதச் சம்பளம் தருகிறோம், இராஜினாமாக் கடிதம் தாருங்கள் என்றால்?

தொழில்சட்டம்:
அந்த மேசையிலேயே கையெழுத்து வைக்க வேண்டாம். தானாக விலகினேன் என்ற கடிதம் கொடுத்தால் 16.5 மாதக் கணக்கைப் பேசவே இடமிராது. ஒரு பிரதி வாங்கி, நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில் காட்டிவிட்டுப் பதில் சொல்லலாம். பேரம் நான்கிலிருந்து தொடங்குகிறதா, பதினாறிலிருந்து தொடங்குகிறதா என்பதுதான் வித்தியாசம். குறையும் சொல்கிறேன். இந்தப் பணம் நிதியத்திலிருந்து வருவதில்லை, முதலாளியின் கையிலிருந்து வரவேண்டும். ஓடர் நின்று கம்பனியே முறிந்தால் சூத்திரம் கடதாசியில்தான்.

கணக்குப்பிள்ளை:
முகவரின் திட்டத்துக்கு வருவோம். விளம்பரத் தாளை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் எந்த நிகழ்வுக்குப் பணம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வழமையாக மரணம், நிரந்தர முழு இயலாமை, ஆஸ்பத்திரியில் தங்கும் இரவுக்கு இவ்வளவு. ஆட்குறைப்பு அதில் இராவிட்டால், வேலை போன மாதமும் 14,000 கட்டவேண்டியவர் நீங்கள்தான். தவறினால் பொலிசி காலாவதி, ஆரம்ப வருடங்களில் சரண்டர் பெறுமதியும் (இடையில் கைவிட்டால் திரும்பக் கிடைப்பது) பெரும்பாலும் ஒன்றுமில்லை. மரணத்துக்கும் இயலாமைக்கும் சேமிப்புக் கலக்காத தவணைக் காப்புறுதி மலிவு. மிச்சத்தை மூன்று மாத நிலையான வைப்பாகப் போடுங்கள்.

எவ்வளவு? 132,000 வாடகைக்கும் லீசிங்குக்குமே போகிறது, அவவின் சம்பளத்தால் அதைக்கூட மூட முடியாது. சாப்பாடு, பள்ளிக்கூடம் சேர்த்து 220,000 என்றால், அவருடைய சம்பளம் நின்றால் மாதம் துண்டுவிழுவது 100,000. இருவரும் ஒரே துறை என்பதால் இரண்டும் நின்ற கணக்கையும் நான்கு மாதத்துக்குப் போடவேண்டும்: 220,000 × 4 = 880,000.

தெஹிவளைக்காரன்:
2022ஐ மறக்கவேண்டாம். பலருக்கு வேலை இருந்தது, சம்பளம்தான் கரைந்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு மலேசியத் திட்டமும் உதவியிராது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, மாறும் வட்டிக் கடன்காரருக்கு அது இரண்டாவது அடி. லீசிங் நிலையான வட்டியா என்று இன்றே பாருங்கள். வேலை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால், தவணை ஒன்று தவறுவதற்கு முன்பே மறுசீரமைப்புக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். தவறிய பிறகு கிரிப் (கொடுகடன் தகவல் பணியகம்) அறிக்கையில் ஏறிவிடும், அதோடு அடுத்த வங்கியின் கதவும் சாத்தும்.