நாற்காலியில் பேஸ் மாயம், கதவருகே இடி: பாட்டு அறைக்கு உதவி வேண்டும்

ஜெலுத்தோங்வாசி
வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் இரட்டை மாடித் தெரஸ் வீடு. மகள் கல்யாணமாகிப் போனதும் மேல்மாடி அறை காலியானது. பாட்டு கேட்பதற்கென்றே வைத்துக்கொண்டேன். 11க்கு 11 அடி, சீலிங் 10 அடி. தரை டைல்ஸ், சுவர் செங்கல். சின்ன ஸ்பீக்கர் இரண்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர், பழைய டர்ன்டேபிள். நாற்காலியை அறைக்கு நட்டநடுவில் போட்டிருக்கிறேன்.

அங்கே உட்கார்ந்தால் பேஸ், அதாவது அடித்தொனி, வருவதில்லை; பேஸ் கித்தாரின் கீழ்ச்சுரங்கள் காணவே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த நாதம் தரும் இடப்பக்கம்) மட்டும் ‘பொம் பொம்’ என்று வீங்குகிறது. டீ எடுக்க எழுந்து கதவருகே போனால் அதே பாட்டில் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது! கடையில் சொன்னார்கள் என்று ஓர் அங்குல ஃபோம் 40 துண்டு வாங்கி ஒட்டினேன். பேஸில் மாற்றமே இல்லை, வயலின்தான் போர்வைக்குள் போய்விட்டது. பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்கச் சொல்கிறார் மருமகன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஏற்கெனவே இரண்டு முறை சுவரைத் தட்டிவிட்டார். என்ன செய்யலாம்?

டேப்ரெக்கார்டர்
முட்டை அட்டை ஒட்டிப் பாருங்கள் அண்ணே. என் நண்பன் ஜாமிங் ரூமில் அதுதான்.

தொப்பிச்சத்தம்
முட்டை அட்டை கரப்பான் பூச்சிக்குத்தான் நல்லது தம்பி. பேஸை அது தொடாது.

ஐயா, ஒரு காசும் செலவழிக்காதீர்கள். முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்.

சத்தம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும். உங்கள் 11 அடி என்பது 3.35 மீட்டர். 345ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால் 51 சொச்சம் ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டு நிற்கும். சுவரோரம் முழு அழுத்தம், நட்டநடுவில் பூஜ்யம். பேஸ் கித்தாரின் தடித்த தந்தியில் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், அதை நீங்கள் பூஜ்யத்தில் உட்கார்ந்து தேடுகிறீர்கள். அதன் இரட்டிப்பான 103க்கு நேர்மாறு: நடுவில்தான் உச்சம். தொப்பி வீங்குவது அநேகமாக இதனால்தான். சதுர அறையாக வேறு போய்விட்டது, நீளமும் அகலமும் ஒரே அதிர்வெண்ணில் முட்டுகின்றன. சீலிங் உயரத்தின் அதிர்வெண்ணும் 57 ஹெர்ட்ஸ் என்று பக்கத்தில் வந்து நிற்கிறது.

பின்சுவரிலிருந்து நாலேகால் அடியில் உட்காருங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு, தொடங்க நல்ல இடம். ஸ்பீக்கர்கள் முன்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச்சுவரிலிருந்து மூன்று அடி. இரண்டும் ஒரே அளவாக இருக்கக் கூடாது.

ஃபோமில் முக்கால்வாசியைப் பிய்த்துவிடுங்கள். மீதி எங்கே என்பதற்குக் கண்ணாடி போதும். நீங்கள் உட்காருங்கள், வீட்டில் யாரையாவது பக்கச்சுவரோடு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். தரையில் கம்பளம் ஒன்று போடுங்கள்.

சுங்கைஆரா
ஃபோமைக் கழற்றும்போது பின்பக்கம் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு எனக்கு ஆறே மாதத்தில் பூஞ்சை பிடித்தது. இசைத்தட்டு உறைகளுக்கும் அதே கதி. காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வாங்குங்கள், பாட்டு போடும்போது நிறுத்திவிடுங்கள்.

ஜெலுத்தோங்வாசி
ஒன்றேகால் அடி பின்னால் தள்ளினேன், அவ்வளவுதான். பேஸ் வந்துவிட்டது! மனைவி கண்ணாடியோடு நடந்ததைப் பார்த்துப் பேரன் சிரித்துக்கொண்டே இருந்தான். பூஞ்சையும் இருந்தது, நாலு துண்டின் பின்னால் கறுப்பாக. தொப்பி இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ஆன்ட்டி விஷயம்?

தொப்பிச்சத்தம்
அறைக்குள் தொங்கவிடும் எதுவும் ஆன்ட்டி வீட்டுக்குப் போகும் சத்தத்தை நிறுத்தாது. அதற்கு எடை வேண்டும், காற்றுப்புகாமை வேண்டும், பொதுச்சுவரைத் தொடாத இன்னொரு சுவர் வேண்டும். 11 அடி அறையில் அரை அடியை அதற்கு இழக்க மனம் வருமா? ஸ்பீக்கர் பொதுச்சுவரில் சாய்ந்திருந்தால் விலக்குங்கள், அடியில் ரப்பர் வையுங்கள், ஒன்பது மணிக்குமேல் ஹெட்ஃபோன். சப்வூஃபர் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் ஆன்ட்டியைக் கூப்பிட்டு அவருக்குப் பிடித்த சீனப் பாட்டு ஒன்று போடுங்கள், எனக்கு அதுதான் பலித்தது.

தொப்பி இழுப்பதற்கு நாலு மூலைகளிலும் நாலு அங்குல ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) பலகையைக் குறுக்காக நிறுத்துங்கள், பின்னால் வெற்றிடம் இருக்கட்டும். 51க்கு அதுவும் அதிகம் உதவாது, 100க்கு மேலே நன்றாகத் தெரியும். வெட்டும்போது முகக்கவசம், கையுறை கட்டாயம், அரித்து எடுத்துவிடும். மேலே சுற்றும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வர வேண்டும். அதன்பிறகு ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருளால் அளக்கலாம்.

ஜெலுத்தோங்வாசி
சனிக்கிழமை துணி வாங்க லெபோ பாசார் போகிறேன். இரண்டுக்கு நாலு அடிப் பலகைக்கு எத்தனை மீட்டர்?

தொப்பிச்சத்தம்
44 அங்குல அகலத் துணியென்றால் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால். நாலுக்கு ஏழு மீட்டர். பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள்.