ஒரே தொடுகோணம், இரண்டு பூச்சுகள்: ஒன்றில் மட்டும் செல் ஒட்டாதது ஏன்?

நுண்ணோக்கி:
கண்ணாடித் தகட்டில் இரண்டு பாலிமர் பூச்சுகள் போட்டேன். இரண்டிலும் நீரின் தொடுகோணம் (நீர்த்துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்; நீர் நன்றாகப் பரவினால் குறையும்) 60 பாகைக்கு அருகில். 10 சதவீத சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த, புரதம் நிறைந்த தெளிநீர்) சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை விட்டேன். மறுநாள் காலை ஒன்றில் கால் நீட்டிப் பரந்து கிடந்தன. மற்றதில் விளிம்பு மின்ன உருண்டையாகவே இருந்தன. தட்டைச் சற்று ஆட்டினால் மிதந்தே போய்விட்டன. இரண்டாவது பூச்சு சரியாகப் படியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீர் ஒரே மாதிரி பரவும் இடத்தில் புரதமும் ஒரே மாதிரிதானே படிய வேண்டும்?

படலம்:
இல்லை, இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தொடுகோணம் நீரைப் பற்றிச் சொல்லும், புரதத்தைப் பற்றிச் சொல்லாது. அமீன் தொகுதிகள் நிறைந்த பரப்பும் கார்பாக்சில் நிறைந்த பரப்பும் ஒரே கோணம் காட்டலாம். ஆனால் ஊடகத்தில் ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். சீரப் புரதங்களில் பெரும்பாலானவை எதிர்மின் சுமை கொண்டவை. செல் கீழே இறங்கச் சில நிமிடங்களாவது ஆகும். புரதமோ நொடிகளில் படிந்துவிடும். ஆகவே செல் தொடுவது உங்கள் பாலிமரை அல்ல, அதன் மேல் விரிந்த புரதப் படலத்தை.

நுண்ணோக்கி:
அப்படியானால் செல் வளர்ப்புத் தட்டு? சாதாரண பாலிஸ்டைரீனில் செல் சரியாக ஒட்டாது. பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) காட்டி ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றினால் தொடுகோணம் குறைகிறது, செல் ஒட்டுகிறது. இது நீர்விருப்பத்தின் வேலைதானே?

படலம்:
பாதி சரி. சாதாரண பாலிஸ்டைரீனில் புரதம் படியாமல் இல்லை, தாராளமாகவே படிகிறது. சீரத்தில் மிகுதியாக இருக்கும் ஆல்புமின் முந்திக்கொண்டு உட்கார்ந்து, இறுகப் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்கு அதில் பிடிமானம் கிடையாது. பிளாஸ்மா காட்டிய பரப்பில் விட்ரோனெக்டின் என்ற சீரப் புரதம் போட்டியில் ஜெயித்து இடம் பிடிக்கிறது. செல்லின் பரப்பில் உள்ள பற்றுப் புரதங்களான இன்டக்ரின்கள் பற்றுவது அதைத்தான்.

நீர்விருப்பமே விதி என்றால் பாலிஎத்திலீன் கிளைகால் பூச்சில் செல்கள் மொய்க்க வேண்டும். நடப்பது நேர்மாறு. அதன் ஈதர் ஆக்சிஜன்கள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, புரதம் நெருங்கவே முடிவதில்லை. சங்கிலிகள் நெருக்கமாக நட்டிருந்தால்தான் இந்தக் கதை; இடைவெளி விட்டால் புரதம் அதற்குள் நுழைந்துவிடும்.

வினையூக்கி:
இருவரும் பூச்சின் தடிமனை விட்டுவிட்டீர்கள். 1978இல் ஆய்வாளர்கள் ஃபோக்மனும் மொஸ்கோனாவும் பாலிஹெமா என்ற பாலிமர்ப் பூச்சின் தடிமனை மட்டும் மாற்றினார்கள். தடிமன் ஏற ஏறத் தட்டையாக இருந்த செல்கள் உருண்டன, டிஎன்ஏ உருவாக்கமும் குறைந்தது. வேதியியல் ஒன்றுதானே?

படலம்:
நல்ல சான்று. ஆனால் பூச்சு மெல்லியதாக இருக்கும்போது அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் குணமும் மேலே எட்டிப் பார்த்திருக்கலாம். புரதத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்க என்னால் முடியாது.

நுண்ணோக்கி, ஒன்று செய்து பாருங்கள். இரண்டு தகடுகளையும் ஃபைப்ரோனெக்டின் (செல் பற்றும் இன்னொரு புரதம்) கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, சீரமே இல்லாமல் செல்களை விடுங்கள். இரண்டிலும் ஒட்டினால், முன்பு சீரத்தில் நடந்த போட்டிதான் காரணம். இரண்டாவதில் அப்போதும் ஒட்டாவிட்டால், அந்தப் பூச்சு ஃபைப்ரோனெக்டினையே ஏற்கவில்லை, அல்லது செல் பற்றும் பகுதி மறையும்படி படுக்கவைத்துவிட்டது.

நுண்ணோக்கி:
சரி, செய்கிறேன். பூச்சு சீராக இல்லை என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் அதே தகட்டில் ஐந்து இடங்களில் தடிமனையும் அளந்துவிட்டு வருகிறேன்.