எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வெட்ட 315 எம்எம் பிளேடுக்கு எந்த கோட்டிங் நல்லது?

பைப்கட்டர்:
வணக்கம் நண்பர்களே, கோல்டு சா மெஷின்ல (மெதுவா சுத்தற வட்ட பிளேடால உலோகம் வெட்டறது) 315 எம்எம் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு ஓட்டறோம், எம்2 கிரேடு, ஸ்டீம் ட்ரீட்மென்ட் பண்ணி கருப்பா வருமே அந்த சாதா பிளேடுதான். இவ்ளோ நாளா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப் மட்டும்தான், 40 ஆர்பிஎம்ல கூலன்ட்டோட ஓடும், ஒரு தொந்தரவும் கிடையாது. இப்ப எஸ்எஸ் 304 பைப், 2 எம்எம் கனம், வெட்ட ஆரம்பிச்சதுல இருந்து பல்லு சட்டுனு மழுங்குது, சிப்ஸ் பல்லுலயே ஒட்டிக்கிட்டு வெட்டின முகம் பூரா கீறல் விழுது. இடையில அலுமினியம் செக்‌ஷனும் வரும். ஹார்ட்னெஸ் டேபிள் பாத்தா டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு, அந்த கரு ஊதா கலர்ல இருக்கறதுதான் முதல்ல நிக்குது, அப்ப அதையே எல்லாத்துக்கும் போட்டுடலாமா?

மைக்ரான்:
ஹார்ட்னெஸ் நம்பர மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ. அந்த கரு ஊதா கோட்டிங்கோட பலமே சூடுதான், 800 டிகிரி வரைக்கும் தாங்கும், நல்லா சூடேறும்போது மேல அலுமினியம் ஆக்ஸைடு படலம் ஒண்ணு உருவாகி அதுதான் பல்ல காப்பாத்துது, அதனாலதான் கார்பைடு பல்லு வெச்சு வேகமா, கூலன்ட் இல்லாம ஓட்டறவங்க அத விரும்பறாங்க. உங்க மெஷின் மெதுவா சுத்துது, கூலன்ட் கொட்டிட்டே இருக்கு, அந்த சூடே வராது. வந்தாலும் 600 டிகிரி தாண்டினா உள்ள இருக்கற ஹெச்எஸ்எஸ்ஸே இளகிடும், மேல இருக்கற கோட்டிங் தாங்கி என்ன பிரயோஜனம்.

உங்க பிரச்சனை ஒட்டறதும் உரசறதும். அதுக்கு டைட்டானியம் கார்போநைட்ரைடு பாருங்க, ஹார்ட்னெஸ் 3000 விக்கர்ஸ் பக்கம் (வெறும் ஹெச்எஸ்எஸ் 800-900தான் இருக்கும்), உராய்வும் கம்மி, எஸ்எஸ் சிப்ஸ் வழுக்கிட்டு போகும். ஒரே குறை, 400 டிகிரிக்கு மேல தாங்காது, அதனால கூலன்ட் ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாது. தங்க கலர் டைட்டானியம் நைட்ரைடு எம்எஸ்ஸுக்கு போதும், 304க்கு நான் அத எடுக்க மாட்டேன்.

சாணைக்கல்:
மேல சொன்னது சரிதான், ஆனா கோட்டிங்குக்கு முன்னாடி ஸ்பீட பாருங்க பாஸ். 315 பிளேடோட சுற்றளவு கிட்டத்தட்ட சரியா 1 மீட்டர், அதனால ஆர்பிஎம் எவ்ளோவோ அதுதான் நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர்ங்கறதும். 40 எம்எஸ்ஸுக்கு ஓகே, 304க்கு ரொம்ப அதிகம், 15ல இருந்து 20க்குள்ள கொண்டு வாங்க. ஃபீட் (பிளேட பைப்புக்குள்ள தள்ளற வேகம்) மட்டும் பயந்து பயந்து கொடுக்காதீங்க, 304 உரச உரச மேல்தோல் இறுகிடும், அடுத்த பல்லு அந்த இறுகின தோல்ல போய் மோதும், அப்புறம் எந்த கோட்டிங் போட்டாலும் நிக்காது. பல்லு சிப்ஸ்ஸ தோண்டி எடுக்கணும், தடவிட்டு போகக்கூடாது.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. கோட்டிங்கோட கனம் 2ல இருந்து 4 மைக்ரான்தான், ஒரு தடவ சாணை பிடிச்சா பல்லோட முன்பக்கமும் முதுகும் வெறும் உலோகமாயிடும், ரெண்டு சைடுல மட்டும்தான் கோட்டிங் மிஞ்சும். சைடு உரசல் குறையறதுல அப்பவும் லாபம் உண்டு, ஆனா முதல் தடவ வந்த அதே ஆயுச மறுபடி எதிர்பார்க்காதீங்க, வேணும்னா திரும்ப கோட்டிங்குக்கு அனுப்பணும். அனுப்பறதுக்கு முன்னாடி சாணையில வந்த பிசிற சுத்தமா எடுத்துடுங்க, பிசிறு மேல கோட்டிங் ஏறினா முதல் வெட்டுலயே பிசிறோட சேர்ந்து அதுவும் பிச்சுக்கிட்டு போயிடும், நுனி மொட்டையாத்தான் நிக்கும்.

பைப்கட்டர்:
ரொம்ப நன்றி, 1 மீட்டர் கணக்கு செம உபயோகம். கைல இருக்கற கருப்பு பிளேடுலயே கோட்டிங் ஏத்த முடியுமா? அலுமினியத்துக்கும் அதே பிளேடு போதுமா?

மைக்ரான்:
கருப்பு மேலயே ஏத்தினா சரியா பிடிக்காது, அது இரும்பு ஆக்ஸைடு, கோட்டிங்குக்கு சுத்தமான வெறும் உலோகம் வேணும். புதுசா ஸ்டீம் பண்ணாத பிளேடா கேட்டு வாங்கிடுங்க, முடிஞ்சா 5 சதவீதம் கோபால்ட் இருக்கற எம்35, 304க்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். கோட்டிங் பிவிடி (வாக்குவத்துல ஆவியாக்கி படிய வைக்கறது) முறைதானான்னும் கேட்டுக்கோங்க, அது 450-500 டிகிரில நடக்கும், பிளேடோட டெம்பர் (ஹீட் ட்ரீட்மென்ட்ல வந்த கடினம்) போகாது. சிவிடில (கேஸோட ரசாயன வினையால படிய வைக்கறது) 1000 டிகிரி வரைக்கும் போகும், ஹெச்எஸ்எஸ் அதோட காலி.

அலுமினியத்துக்கு தனி பிளேடு வெச்சுக்கோங்க. அந்த கரு ஊதா மாதிரி அலுமினியம் கலந்த கோட்டிங்ல அலுமினியம் இன்னும் அதிகமா ஒட்டும், கருப்பு பிளேடோட சொரசொரப்புலயும் அப்பிக்கும். கோட்டிங் இல்லாம பளபளன்னு பாலிஷ் பண்ணினது, இல்லன்னா குரோமியம் நைட்ரைடு. பல்லு பெரிசா, நடுவுல பள்ளம் ஆழமா இருக்கட்டும், சிப்ஸ் வெளிய வர இடம் வேணும்.