ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் தடுமாறுது, இப்பவே கழட்டலாமா?

வெள்ளைக்குடை:
கல்யாண வீடியோ எடுக்கிற சின்ன ஸ்டூடியோ நம்மளது. டெபியன் லினக்ஸ் பெட்டியில 4 டிபி டிஸ்க் நாலு, எம்டிஏடிஎம்-ங்கிற மென்பொருள்ல சேர்த்த ரெய்டு 5 (நாலுல ஒண்ணு போனாலும் மத்த மூணை வெச்சு டேட்டாவை மீட்டுக்கிற அமைப்பு). மூணு நாளா ஏதாவது ஃபைலைத் திறந்தா அரை நிமிஷம் அப்படியே நிக்குது. ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வெச்சிருக்கிற கணக்கு) எடுத்துப் பார்த்தேன். எஸ்டிசி-ங்கிற டிஸ்க்குல ரீஅலகேட்டட் (கெட்டுப்போனதால மாத்தி வெச்ச செக்டார், அதாவது டிஸ்க்கோட சின்னச் சின்ன இடம்) 112, பெண்டிங் (படிக்கத் தடுமாறுற செக்டார்) 48. எஸ்டிபி-ங்கிற டிஸ்க்குல ரெண்டும் 0, ஆனா சிஆர்சி எரர் 317. ரெய்டு நிலைமையைக் காட்டுற எம்டிஸ்டாட்ல நாலும் நல்லா இருக்கிறதாத்தான் காட்டுது. சர்வீஸ் தம்பி, "ரெண்டும் போச்சுண்ணே, ஒவ்வொண்ணா கழட்டிப் புதுசு மாட்டிரலாம்"ங்கிறார். புது டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டேன். பேக்கப் பாதிக்குத்தான் இருக்கு, திட்டாதீங்க.

பழையசர்வர்:
திட்டு அப்புறம். முதல்ல எதையும் கழட்டாதீங்க அண்ணே. எஸ்டிசி-யில ஒரு செக்டார் படிக்க முடியலன்னா, இப்போ மத்த மூணையும் வெச்சு ரெய்டு கணக்குப் போட்டுத் தந்துரும். அதைக் கழட்டிட்டா மிச்சம் மூணையும் முழுசா, 12 டிபி, ஒரு தப்பும் இல்லாமப் படிச்சாகணும். சாதா டிஸ்க் ஸ்பெக்ல 10^14 பிட்டுக்கு ஒரு பிழை வரை வரலாம்னு போட்டிருப்பான்; அது 12.5 டிபி. நிஜத்துல அவ்வளவு மோசமில்ல, ஆனாலும் பாதி பேக்கப்போட அந்தச் சூதாட்டம் வேண்டாம். டெலிவரி குடுக்காத கல்யாணத்தை எல்லாம் இன்னைக்கே வேற டிஸ்க்குக்கு மாத்துங்க.

எஸ்டிபி சாகல. சிஆர்சி எண்ணிக்கை டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல வர்ற தகராறு, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாத்துங்க. 317 குறையாது, ஏறாம நின்னாப் போதும்.

கொக்கி:
போர்டுல ஒரு போர்ட் காலியா இருக்கா? இருந்தா புது டிஸ்க்கை அஞ்சாவதா மாட்டி, ஸ்பேரா (மாற்று டிஸ்க்கா) சேர்த்துட்டு, எம்டிஏடிஎம்-ல 'ரீப்ளேஸ்' குடுங்க. பழசு உள்ள இருக்கும்போதே புதுசுக்கு நகல் ஓடும். பழசுல படிக்க முடியாத இடத்தை மட்டும் மத்த மூணுல இருந்து எடுத்துக்கும். எங்கேயாவது பார்த்துட்டு ரெய்டைப் புதுசா உருவாக்குற 'கிரியேட்' கட்டளையை மட்டும் ஓட்டிராதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

அந்த அரை நிமிஷத் தேக்கம், டிஸ்க் அதே செக்டாரை விடாப்பிடியா திரும்பத் திரும்பப் படிக்கிறதால. லினக்ஸ் 30 வினாடிதான் பொறுக்கும், அதுக்கு மேல டிஸ்க்கையே ரீசெட் பண்ணும். எஸ்சிடி ஈஆர்சி-யை (டிஸ்க் ஒரு செக்டாரோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம்ங்கிற வரம்பு) 7 வினாடிக்கு வையுங்க. டிஸ்க் ஒத்துக்கலன்னா லினக்ஸ் பொறுக்கிற அந்த 30 வினாடியை, அதாவது கெர்னல் டைம்அவுட்டை, 180 வினாடி ஆக்குங்க.

ஒருதடவைபட்டவன்:
எஸ்டிசி-ங்கிற பேரை நம்பிக் கழட்டாதீங்க, ரீபூட்டுல மாறும். நான் மேலிருந்து மூணாவதுன்னு எண்ணி நல்ல டிஸ்க்கை உருவினவன். சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தை மாஸ்கிங் டேப்ல எழுதி, கேபிள் பக்கமே தெரியிற மாதிரி ஒட்டிருங்க.

வெள்ளைக்குடை:
முடிஞ்சுது! முதல்ல பேக்கப், அப்புறம் கேபிள், அப்புறம் ரீப்ளேஸ். நகல் ஓட 9 மணி 20 நிமிஷம் ஆச்சு. சிஆர்சி 317-லயே நிக்குது. கழட்டின கேபிளைப் பார்த்தா, கேபினட் கதவு இடிச்சு மடங்கியிருந்திருக்கு. நேத்து ராத்திரி முழு செக் ஓட்டினேன், மிஸ்மேட்ச் (டிஸ்க்குகளுக்குள்ள ஒத்துப்போகாத இடம்) 0. பழைய டிஸ்க்குக்கு வாரண்டி இருக்கு, சர்வீஸ் தம்பி அதைக் கேக்கிறார். நாலுல ஒண்ணுதானே, அதை மட்டும் வெச்சு நம்ம படம் எதையும் யாரும் பார்க்க முடியாதுல்ல?

பழையசர்வர்:
பார்க்க முடியும்ணே. ரெய்டு 5 வழக்கமா 512 கேபி துண்டுகளாத்தான் பிரிச்சு வைக்கும். சின்ன ஜேபெக் ஒண்ணு முழுசா ஒரே துண்டுக்குள்ள அடங்கிரும். யார் வீட்டுப் படமோ அதுல இருக்கு. முழுசா அழிச்சிட்டுக் குடுங்க. அழிக்கும்போதே செத்துப்போச்சுன்னா வாரண்டியை மறந்துட்டு உள்ள இருக்கிற தட்டை உடைச்சிருங்க.