தன்பால் திருமணம்: மனித உரிமையா, குடிமை உரிமையா?

சட்டநாதன்:
தன்பால் திருமணம் மனித உரிமை என்று முழங்குமுன், அதற்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் (17.10.2023) பார்த்துவிடுங்கள். நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தது, தன்பால் இணையரின் உறவை அரசு அங்கீகரிக்கக் கடமைப்பட்டதா, அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாமா என்பவற்றில்தான். மணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. ஐ.நா.விலும் இதே கதை. தங்கள் தன்பால் மணத்தைப் பதிவு செய்ய மறுத்ததை எதிர்த்து நியூசிலாந்துப் பெண்கள் தொடுத்த ஜாஸ்லின் வழக்கை ஐ.நா. மனித உரிமைக் குழு 2002இல் ஏற்கவில்லை. 2013இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது, மண உரிமை கிடைத்தது.

கயல்:
குழு ஏற்காததற்குக் காரணம், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பில் 'ஆண்களும் பெண்களும்' என்று இருந்த சொல். சொல்லுக்குப் பொருள் காண்பது நீதிமன்ற வேலைதானே? இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவின் 'மணமகள்' திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னது. பதிவு செய்ய மறுத்த அலுவலகம் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

சட்டநாதன்:
அது ஆண்–பெண் சட்டகத்துக்குள் அடங்கும் மணம், கயல். சிறப்புத் திருமணச் சட்டத்தை எடுங்கள். 4ஆம் பிரிவில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. 27இல் மனைவிக்கு மட்டும் தனி விவாகரத்துக் காரணங்கள். 37இல் ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும். இரண்டு கணவர் உள்ள வீட்டில் யார் யாரிடம் ஜீவனாம்சம் கேட்பது? 'இணையர்' என்று மாற்றி எழுதி முடிகிற வேலையில்லை. அன்றாடச் சிக்கலுக்கு வழி வந்தாயிற்று: கூட்டுக் கணக்கு தொடங்கலாம், இணையரை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது.

கயல்:
நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சார். உரிமை வாரிசுக்கு. உயில் இல்லையென்றால் எல்லாம் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ போகும். சரி, உயில் எழுதலாம், இரண்டு சாட்சி போதும். ஆனால் அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுத முடியாது. அது இறந்தவரின் சொத்தே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. வருங்கால வைப்புநிதி இன்னும் மோசம். 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 61ஆம் பத்திப்படி, குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரை மட்டுமே நாமினியாக்கலாம். அவரைச் சார்ந்து வாழும் அம்மா இருந்தால் அதுவே குடும்பம். 20 ஆண்டு உடன் வாழ்ந்தவர் பெயரை எழுதினாலும் செல்லாது. ஒரு திருமணச் சான்றிதழ் இருந்தால் இதில் எதுவும் சிக்கலே இல்லை. அதனால்தான் குடிமை உரிமை, அதாவது குடிமக்கள் எல்லோருக்கும் சட்டத்தில் கிடைக்க வேண்டிய உரிமை, என்கிறேன். மனித உரிமையா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு ஆர்வமில்லை.

வைகைக்கரை:
புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை இருவரும் மறந்துவிட்டீர்களே! செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு வந்த பிறகுதான் செல்லுபடியானது.

சட்டநாதன்:
அதைத்தானே சொல்கிறேன். நீதிமன்றம் தராததைச் சட்டமன்றம் தந்தது.

கயல்:
அந்தத் திருத்தத்தை முழுதாகப் படியுங்கள். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. 1930களில் மாலை மாற்றியவர்கள் அன்றிலிருந்தே கணவன் மனைவி. சட்டமன்றம் கொடுத்த சலுகை என்றால், கொடுத்த நாளிலிருந்துதானே கணக்கு தொடங்க வேண்டும்?

சட்டநாதன்:
முன்தேதியிட்டதும் சட்டமன்றம்தான்.